வலது சப்பாத்து

போன மாதம் ஒரு விளையாட்டு மருத்துவ நிலையத்தில் என்னை ஒரு தட்டின் மேல் ஏற்றி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். பார்த்தால் நிறை பார்க்கும் தராசு மாதிரித்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு கணினித் திரை. நான் காலைத் தூக்கியதும் திரையில் ஒரு பச்சைக்கோடு, பூனைக்குட்டியிடம் அகப்பட்ட நூல் போல அங்குமிங்கும் அலைந்தது. அதுதான் என் உடம்பின் ஆட்டமாம். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறேன், எந்தக் கால் பலவீனம், எந்தக் கணுக்காலைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடுகிறது. ஓய்வு பெற்ற மனிசி என்று மரியாதைக்குக் கூப்பிட்டவர்கள், நான் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். இடது கால், வலது கால், கண்ணை மூடி, கண்ணைத் திறந்து என்று அந்தத் தட்டை நான் ஒருவழி பண்ணிவிட்டேன்.

இது இல்லாத காலத்தில் எதை வைத்து விளையாட்டுக்காரர்களின் சமநிலையைச் சோதித்தீர்கள் என்று அங்கே வேலை செய்யும் இளம் பிசியோ ஒருத்தி கேட்டாள். ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர், தையல்காரரின் அளவு நாடா, பஸ் டிக்கட் என்றேன். சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிசியோ படித்த கதையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படித்தேன், பாஸ் பண்ணினேன், கொழும்பிலேயே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போர்க்காலத்து ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வேலைக்குக் குறைவிருக்கவில்லை. குண்டு வெடித்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வராது. போரின் கடைசி வருடங்களில், வாரத்தில் சில மாலைகள் விளையாட்டுக்காரர்களைப் பார்க்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். துள்ளிக்கொண்டு போனேன். அதுவரை உடைந்ததை ஒட்டியே பழகிய எனக்கு, உடைய முன்பே பிடிக்கலாம் என்பது பெரிய அதிசயமாக இருந்தது.

அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஃபாரூக் சேர். தெமட்டகொடைக்காரர். நல்ல உயரம், அதற்கேற்ற வயிறு, தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட். வெளிநாட்டுப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தவர் அங்கே கண்ட ஒரு சோதனையை மண்டைக்குள் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மைதானக் கட்டடத்தின் மூலை அறையில், சீமெந்துத் தரையில், வெள்ளைப் பிளாஸ்டரால் மூன்று கோடுகள் ஒட்டினார். ஒன்று முன்னுக்கு, மற்ற இரண்டும் பின்பக்கம் விரிந்து போகும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு காலை ஊன்றி, இரு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் காலை ஒவ்வொரு கோட்டின் மேலும் எட்டும் வரைக்கும் நீட்ட வேண்டும். நீட்டிய காலின் பெருவிரல் கோட்டைத் தொட்டால் போதும், பாரத்தைப் போடக்கூடாது. எட்டிய தூரத்தை அளவு நாடாவால் அளந்து, காலின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பிறகு மற்றக் கால். இரண்டு கால்களுக்கும் இடையில் வித்தியாசம் அதிகமென்றால் அந்த ஆளின் முழங்காலோ கணுக்காலோ ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

கேட்கச் சுலபம். ஃபாரூக் சேரோடு அதைச் செய்து பார்க்க வேண்டும். ஊன்றிய காலின் குதி தரையை விட்டு எழும்பினால் அந்த முறை செல்லாது. எழும்புகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் பெரிய மனிதர் வெள்ளைச் சேர்ட்டோடு தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சீமெந்தில் வைத்து, குதிக்கடியில் ஒரு பஸ் டிக்கட்டைச் செருகிப் பார்ப்பார். டிக்கட் உள்ளே போனால் குதி எழும்பிவிட்டது. "திருப்பிச் செய்ங்க," என்று படுத்த இடத்திலிருந்தே சத்தம் வரும். மூச்சு வாங்கினாலும் திருப்பி. இடுப்பிலிருந்து கை விலகினாலும் திருப்பி. எல்லாரும் வெறுங்காலோடுதான் செய்ய வேண்டும், ஏனென்றால் ஆளுக்காள் சப்பாத்து வேறு, பாதம் மட்டும்தான் பொய் சொல்லாது என்பது அவருடைய சட்டம்.

முதலில் விளையாட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கிராண்ட்பாஸ் பக்கத்து உதைபந்தாட்டப் பெடியன் ஒருவன் எங்கள் சோதனைக்கு 'பாண்டி விளையாட்டு' என்று பெயரே வைத்தான். இடது காலில் நின்றபோது அவனுக்குத் தூரம் எட்டவில்லை, கொஞ்ச நாள் பயிற்சி செய்துவிட்டு விளையாடு என்று கெஞ்சினோம். அவன் கேட்கவில்லை. அடுத்த போட்டியிலேயே ஆளில்லாத இடத்தில் திரும்பப்போய், இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவனுக்காக வருந்தினேன், அது உண்மை. ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குள் ஒரு துடிப்பு. மூன்று துண்டுப் பிளாஸ்டர் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டதே! அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இப்படி நாங்கள் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் மகேஸ்வரி வந்து சேர்ந்தாள்.

மகேஸ் ஒரு தனியார் கம்பனியின் வலைப்பந்து அணியில் சென்டர். கோர்ட்டின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஓடிப் பந்தை வாங்கிக் கொடுப்பது சென்டரின் வேலை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள், கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். கட்டையான உருவம். ஆனால் கோர்ட்டில் இறங்கினால் கண்ணால் தொடர முடியாது. இங்கே நிற்கிறாள் என்று நினைக்கும்போது அங்கே பந்தோடு நிற்பாள். தேசிய அணியின் பயிற்சிக் குழாமுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசித் தெரிவுப் போட்டிக்கு அதிக நாள் இல்லை. ஒரே ஒரு சிக்கல், வலது கணுக்கால் வெளிப்பக்கமாக மடங்கி வீங்கியிருந்தது.

வீக்கம் வற்றவைத்து, பயிற்சி கொடுத்து, பிளாஸ்டர்க் கோடுகளில் நிறுத்தினோம். அற்புதமாகச் செய்தாள். இரண்டு காலும் ஒரே தூரம். பஸ் டிக்கட் உள்ளே போகவே இல்லை. ஃபாரூக் சேர் எழும்பிச் சேர்ட்டைத் தட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவள் திரும்பிப் போய் முதல் பயிற்சியிலேயே அதே காலை மடக்கிக்கொண்டு வந்தாள். மறுபடியும் அதே வைத்தியம், அதே சோதனை, அதே அற்புதமான முடிவு. இந்த முறை விளையாடப் போனவளுக்குக் கால் முழுதாக மடங்கவில்லை, ஆனால் மடங்கப் பார்த்தது. அவளுடைய பயிற்சியாளர் சந்திரா மெடம் நல்ல மனிசி, பொறுமையானவர். அவரே சிங்களத்தில் என்னிடம் கவலையோடு சொன்னார், இன்னுமொரு தடவை விழுந்தால் இந்தப் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று.

சோதனையே வெறும் பம்மாத்தோ என்று கூட யோசித்தேன். அதை ஃபாரூக் சேரிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை.

"டெஸ்ட் பொய் சொல்லாது பவானி," என்றார். "நாங்க கேட்ட கேள்விதான் பிழை. என்ன கேக்கணும்னு போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். பயிற்சி நேரம் முழுக்கக் கோர்ட்டின் ஓரத்தில் நின்று அவள் காலை மட்டும் பார்த்தேன். பந்துக்குத் துள்ளி இறங்கும் ஒவ்வொரு தடவையும் வலது பாதம் மெல்ல வெளிப்பக்கம் உருண்டது. எங்கள் அறையில் வெறுங்காலோடு நிற்கும்போது கல்லுப் போல நின்ற அதே பாதம்! இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எங்கள் அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் செருப்பையும் சப்பாத்தையும் வாசலில் கழற்றி எறிந்துவிட்டு வருவார்கள். மகேஸ் மட்டும் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, கோட்டுக்குப் பக்கத்தில், தன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைப்பாள். விலை கூடின சப்பாத்து, களவு போய்விடும் என்று பயப்படுகிறாள் பாவம் என்று நான் நினைத்திருந்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. நான் சைவம்தான், ஆனாலும் செவ்வாய் என்றால் கொச்சிக்கடைக் கத்தோலிக்கக் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தாமல் எனக்கு மனம் ஆறாது. மகேசுக்கும் அதே பாதை, ஒரே பஸ்ஸில் ஏறினோம். மருதானை தாண்டியதும் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அது அன்றாட விஷயம். இறங்கி வரிசையில் நின்றோம். ஆண்கள் சேர்ட் பையிலிருந்து ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்தார்கள், பெண்கள் கைப்பையைத் திறந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற மகேஸ் குனிந்து வலது சப்பாத்தைக் கழற்றினாள்.

உள்ளே போட்டிருந்த மெத்தையைத் தூக்கினாள். அதற்கடியில், குதி இருக்கும் இடத்தில், இறுகச் சுற்றிய பொலித்தீன் உறை. அதற்குள் அடையாள அட்டை. அட்டையின் ஒரு விளிம்பில், நாலாக மடித்து, கொட்டாஞ்சேனையில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டு. மடித்த துண்டு இருந்த பக்கம் தடிப்பு, மற்றப் பக்கம் மெல்லிசு. தடித்த பக்கம் குதியின் உட்புறம். ஏறி நின்றால் பாதம் வெளியே சரியாமல் வேறென்ன செய்யும்?

எனக்கு எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. ஆமிக்காரப் பையன் அந்த உறையை வாங்கக் கை நீட்ட, நான் "பொட்டக் இன்ன, பொட்டக் இன்ன" என்று அவனைப் பொறுக்கச் சொல்லிவிட்டு இடையில் புகுந்து அதைப் பறித்தேன். விரலால் தடிப்பைத் தடவிப் பார்த்தேன். சிரித்தேன். அவளைக் கட்டிப்பிடித்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். ஆமிக்காரனின் முகம் மாறிவிட்டது. துவக்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, என்ன இது என்று கேட்டான். அப்போதுதான் நான் நிற்பது சோதனைச் சாவடி என்பது எனக்கு உறைத்தது. நான் பிசியோ, இந்தப் பிள்ளைக்குக் கால் மடங்குவதன் காரணத்தை இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று சிங்களத்தில் மூச்சுவிடாமல் சொன்னேன். அவன் அட்டையைப் பார்த்தான், சப்பாத்தைப் பார்த்தான், என்னை மேலும் கீழும் பார்த்தான். தனக்கும் முழங்கால் நோகிறது என்று கடைசியில் மெதுவாகச் சொன்னான். கண்டபடி ஓடாமல் காலைச் சூடாக்கிவிட்டு ஓடு என்று ஏதோ உளறிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் மகேஸ் தலையைக் குனிந்துகொண்டு காரணத்தைச் சொன்னாள். வலைப்பந்து விளையாடும் பாவாடைக்குப் பையில்லை. முன்பு ஒருநாள் கைப்பையை உடைமாற்றும் அறையில் பூட்டிவிட்டுத் தண்ணீர்ப் போத்தல் வாங்க வாசலுக்குப் போனபோது ஆமியின் சுற்றிவளைப்பு. ஐசி உள்ளே, அவள் வெளியே. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் பின்னேரம் சந்திரா மெடம் பையோடு வந்து கதைத்த பிறகுதான் விட்டார்களாம். தோட்டத்து ஆட்களை நாடற்றவர்களாக வைத்திருந்த காலத்தில், அவளுடைய அப்பாவுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைக்கவே தலை நரைத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த அட்டை அது.

"அன்னிலேருந்து காலோடதான் மிஸ்," என்றாள். "காலு என்கூடத்தானே வரும்."

மறுநாள் ஃபாரூக் சேரிடம் சொல்லி முடிக்குமுன்பே அவர் தரையில் படுத்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சப்பாத்தோடு சோதனை செய்யச் சொன்னார். அட்டை உள்ளே இருக்கும்போது வலது காலில் நின்ற மகேஸ், பின்கோட்டுக்கு இடது காலை நீட்டப்போய்த் தடுமாறி என் தோளில் விழுந்தாள். அட்டையை எடுத்துவிட்டுச் செய்தாள், கல்லுத்தான். திரும்ப வைத்தோம், விழுந்தாள். திரும்ப எடுத்தோம், நின்றாள். அந்தப் பெரிய மனிதர் படுத்த இடத்திலேயே கையால் தரையை அடித்து அடித்துச் சிரித்தார். "பஸ் டிக்கட் போகுதான்னு நான் பாக்குறேன், புள்ள ஐசியையே போட்டு வச்சிரிக்கி!" என்றார். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

பிறகு அவர் எழும்பி உட்கார்ந்து, அட்டை வெளியே வர வேண்டும் என்றார். மகேசின் சிரிப்பு நின்றுவிட்டது.

பாவாடையில் பை தைக்கலாம் என்றேன். முடியாது, ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் நகத்தைக்கூடப் பார்ப்பார், மோதிரம் காப்புக் கழற்றச் சொல்வார், உடம்பில் கடினமான சாமான் வைத்திருக்க விடமாட்டார். சப்பாத்து மெத்தையைக் குடைந்து அட்டையைப் பதிக்கலாமா என்று ஃபாரூக் சேர் பார்த்தார். அட்டை முறிந்துவிடும். இடது சப்பாத்திலும் அதே தடிப்புக்கு ஏதாவது வைத்தால் சரியாகிவிடும்தானே என்று மகேஸ் கேட்டாள். அப்படியென்றால் இரண்டு காலும் போகும் என்று அவர் சொன்னார். சந்திரா மெடத்திடம் கொடுக்கலாம், பையில் வைக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் தலையாட்டவில்லை.

"குண்டுன்னு யாராச்சும் கத்துனா எல்லாரும் ஓடுவாங்க மிஸ். நான் ஒரு பக்கம் நிப்பேன், பை ஒரு பக்கம் கெடக்கும்," என்றாள். "அது இல்லாம என்னால நிக்க முடியாது. வெளையாடாட்டியும் பரவால்ல."

எனக்குக் கோபம் வந்தது, அவள்மீது இல்லை. ஒரு நல்ல கால், ஒரு நல்ல ஆட்டக்காரி, இடையில் விரல் தடிப்புக்கூட இல்லாத ஓர் உறை. அதைத் தாண்ட வழியில்லையா?

தெரிவுப் போட்டி நாள் வந்தது. நான் சேலைதான் கட்டியிருந்தேன், அதையும் சொல்ல வேண்டும். நடுவர் வரிசையாக நகம் பார்த்துக்கொண்டு வருகிறார். மகேஸ் வரிசைக் கடைசியில், வலது சப்பாத்து நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நிற்கிறாள். ஃபாரூக் சேரின் கையில் அவளுடைய உடற்தகுதித் தாள், கையெழுத்துப் போடாமல். அட்டை உள்ளே இருந்தால் போட மாட்டேன் என்று அவர் ஏற்கனவே சொல்லிவிட்டார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, அவளிடம் போய்க் கையை நீட்டினேன்.

"இங்க தாரும் பிள்ளை," என்றேன். "நான் இதைக் கையில தூக்கிப் பிடிச்சுக்கொண்டு கோட்டோரம் ஓடுறன். நீர் எந்தப் பக்கம் ஓடுறீரோ அந்தப் பக்கம் நானும் ஓடுவன். திரும்பிப் பார்த்தால் உமக்கு இது தெரியும். குண்டு எண்டு கத்தினாலும் நான் உம்மட்டத்தான் ஓடி வருவன்."

அவள் என் சேலையைப் பார்த்தாள், என் வயதைப் பார்த்தாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டாள். பிறகு சப்பாத்தைக் கழற்றி, உறையை எடுத்து என் கையில் வைத்தாள். ஃபாரூக் சேர் அந்த இடத்திலேயே முழங்காலில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

விசில் ஊதினதும் ஓடினேன். ஒரு கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் உறையைத் தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு, கோட்டுக்கு வெளியே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. சென்டர் ஓடுகிற ஓட்டம் என்ன ஓட்டமென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பார்வையாளர்கள் கைதட்டத் தொடங்கினார்கள், எனக்கா அவளுக்கா தெரியாது. ஓர் அதிகாரி வந்து இருக்கச் சொன்னார். நான் பயிற்சியாளர் இல்லை, வாய் திறக்கவுமில்லை, ஓடுவது குற்றமா என்று கேட்டேன். அவர் ஃபாரூக் சேரைப் பார்த்தார். சேர் வானத்தைப் பார்த்தார்.

முதல் கால்பகுதியில் மகேஸ் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்ப்பாள், உறை தெரியும், திரும்புவாள். இரண்டாவதில் இடைக்கிடை பார்த்தாள். மூன்றாவதில் எனக்கு இளைத்து, நெஞ்சு அடைத்து, தூக்கிய கை மரத்துப்போய், இனி முடியாது என்று ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். பயத்தோடு கோர்ட்டைப் பார்த்தேன். அவள் அந்தரத்தில் பந்தைப் பிடித்து, வலது காலில் இறங்கி, அதே காலில் சுழன்று பந்தை எறிந்தாள். பாதம் உருளவில்லை. கல்லு! அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. அதற்குப் பிறகு கடைசி விசில்வரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் தூணடியில் நின்று கையை இறக்காமல் அழுதேன். அவ்வளவு சந்தோசமாக நான் வாழ்க்கையில் அழுததில்லை.

பெயர்களை வாசித்தார்கள். மகேஸ்வரி என்று கேட்டதும் நான் போட்ட சத்தத்தில் சந்திரா மெடமே காதைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகள் அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். இறக்கிவிட்டதும் நேரே என்னிடம் ஓடிவந்து, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தன் கையை விரித்து நீட்டினாள். வியர்வையில் நனைந்த உறையைக் கொடுத்தேன்.

அவள் படியில் உட்கார்ந்து வலது சப்பாத்தைக் கழற்றினாள். மெத்தையைத் தூக்கி உறையை அதே இடத்தில் வைத்தாள். ஏன் பிள்ளை, இனியென்றாலும் பையில் வைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"வெளையாட்டு முடிஞ்சிருச்சே மிஸ்," என்றாள், நாடாவை இறுக்கிக்கொண்டு. "இனி ரோட்டுதானே."

கையசைத்துவிட்டு பஸ் தரிப்புப் பக்கம் நடந்தாள். வாசலைத் தாண்டும்வரை அவளுடைய வலது குதி வெளிப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போவதை நானும் ஃபாரூக் சேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.